டூட்டியும் ஒரு தையல் மிஷினும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். மழை பெய்தால் சோறு, பெய்யாவிட்டால் பனங்கிழங்கு. அங்கிருந்து கிளம்பிச் சுங்கத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, ஹவில்தாராக வெளியே வந்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் சிப்பாயாகவே ஓய்வு பெற்றார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன மாதம், துறையில் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் இராமநாதபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். பதவி உயர்வுக்கு இப்போது பரீட்சை வைக்கிறார்களாம். ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் வழக்கமாக என்னென்ன சொல் சேரும் என்று எழுதச் சொல்வார்களாம். கொடுத்திருந்த சொல் ‘டூட்டி’.

“ஐயா, நீங்க புத்தகமே தொடாம இதெல்லாம் பேசுவீங்களாமே” என்றான் ஒருவன்.

பேசினேன். அவர்கள் பேனா ஓடும் வேகத்துக்கு மேலே பேசினேன்.

டூட்டி என்ற சொல் தனியாக நடமாடாது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் அது யார் எவர் என்று சொல்ல முடியும். ஆன் டூட்டி என்றால் நான் நிற்க வேண்டும். ஆஃப் டூட்டி என்றால் சட்டையைக் கழற்றலாம். நைட் டூட்டி, டபுள் டூட்டி, ரிப்போர்ட் ஃபார் டூட்டி எல்லாம் என் உடம்பைப் பற்றியவை. டூட்டி ஃப்ரீ, டூட்டி பேயபிள், டூட்டி பெய்டு என்றால் அது தீர்வை; பயணியின் பெட்டியைப் பற்றியது. நெக்லெக்ட் ஆஃப் டூட்டி என்று வந்தால் கடமை தவறியதற்கு மெமோ. அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். இந்தச் சொற்களை நான் எங்கே நின்று கற்றேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் செபமாலை என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

தங்கச்சிமடத்தையெல்லாம் தாண்டி, தீவின் கடைக்கோடியில் அப்போது ஒரு கப்பல்துறை இருந்தது. நாங்கள் ‘முனை’ என்போம். சிலோன் கப்பல் அங்கேதான் வந்து நிற்கும். ரயில் கப்பலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே தகரக் கொட்டகை, அதில் நீளமான மேசை, மேசைக்குப் பின்னால் எங்கள் சூப்பிரண்டு தாமோதரன். இன்றைக்கு அந்த இடத்தில் கடல்தான் இருக்கிறது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் லெஃப்ட் ரைட் போட வைத்தார்கள். பித்தளைப் பொத்தானைச் சாம்பல் போட்டுத் துலக்கக் கற்றுக் கொடுத்தார்கள். மிச்சமெல்லாம் தாமோதரனிடம் கற்றது. வந்த புதிதில் அவர் ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டி “டூட்டி ஃப்ரீ” என்றார். எனக்கு வேலை முடிந்தது என்கிறார் என்று எண்ணி, சல்யூட் அடித்துவிட்டுப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்காரர் பெட்டி மேல் சாக்கட்டிக் குறி போட ஆள் இல்லாமல் மேசையடியிலேயே நிற்கிறார். ஆள் அனுப்பி வரவழைத்தார் சூப்பிரண்டு.

“முனியசாமி, ஃப்ரீ ஆனது பெட்டி. நீ இல்லை.”

அவ்வளவுதான். கோபம் கிடையாது. அந்த மனிதர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் இரண்டு வார்த்தை பேசுவார். அந்த இரண்டு வார்த்தையை நான் சாக்கட்டியால் பெட்டி மேல் எழுதுவேன். எழுத்துக் கூட்டி எழுதத் தெரியாது. கோலம் போடுகிற மாதிரி முழுசாக மனசில் வாங்கி முழுசாகப் போடுவேன். எஸ்.எஸ்.எல்.சி.க்காரர்களின் குறியைவிட என் குறி அழகாக இருக்கும் என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

அவர் சோதனை போடுகிற முறையே தனி. மூட்டையைப் பயணிதான் அவிழ்க்க வேண்டும். நாங்கள் தொடக் கூடாது. அவர் பொருளைப் பார்க்க மாட்டார். அவிழ்க்கிற கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எந்த முடிச்சில் கை தயங்குகிறதோ அங்கே விரலை வைப்பார். “என்னது? யாருக்கு? எத்தனை நாளா?” கேள்வி மூன்றுதான். புழங்கிய சொந்தச் சாமான் என்றால் தீர்வை இல்லை. விற்கக் கொண்டுவந்தது என்றால் உண்டு.

இதில் பெரிய தலைவலி தையல் மிஷின். கொழும்பில் மலிவு, இங்கே கிராக்கி. வியாபாரிகள் ஊர் திரும்புகிற ஏழைகள் கையில் ஆளுக்கொரு புது மிஷினைக் கொடுத்து, ‘என் சொந்தம்’ என்று சொல்லச் சொல்லி அனுப்புவார்கள். பழசாகத் தெரிவதற்குக் கழிவு எண்ணெயைத் தடவி, மணல் தாளால் தேய்த்து, சக்கரத்தில் கிழிசல் துணி சுற்றி விடுவார்கள். சிலர் நிஜமாகவே பழைய மிஷின்களை வாங்கிப் புதுப்பித்து விற்கக் கொண்டுவருவார்கள். விட்டுவிடாதே என்று மேலிடத்திலிருந்து காகிதத்துக்கு மேல் காகிதம். தாமோதரன் வெள்ளைக் கைக்குட்டையால் மிஷினின் அடிவயிற்றைத் துடைத்து மோந்து பார்ப்பார். பல வருஷத்து எண்ணெய்க்கு ஒரு காறல் வாடை உண்டு. அதைப் பூசிக் கொண்டுவர முடியாது என்பது அவர் கணக்கு.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். சிலோனிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு திரும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் கப்பலில் செபமாலை வந்து இறங்கினாள். தங்கச்சிமடத்துக் கடற்கரைப் பெண். சிறுவயதிலேயே கட்டிக்கொடுத்துக் கொழும்புக்குப் போனவள். கறுப்புச் சேலை. கையில் ஒரு துணி மூட்டை; தலையில் பூப்போட்ட போர்வையில் சுற்றிய கனமான சாமான். அவளே அவிழ்த்தாள். கை எந்த முடிச்சிலும் தயங்கவில்லை.

கை மிஷின். கண்ணாடி மாதிரி மின்னியது. கறுப்பு எனாமல், ஓரத்தில் மயிரிழையாகத் தங்கக் கோடு. கொட்டகையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“புதுசா?” என்றார் தாமோதரன்.

“இல்லங்கய்யா. எங்க வீட்டுக்காரரு தச்ச மிஷினு. கல்யாணத்துக்கு முந்தியே அவருகிட்ட இருந்துச்சு. அவரு மாசி மாசம் தவறிட்டாரு.”

“இத்தனை வருஷம் தைத்த மிஷினில் ஒரு கீறலைக் காணோமே?”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டாள். “எங்க கொழுந்தனாரு பெயிண்டு அடிச்சுக் குடுத்தாருங்கய்யா. அங்கன தொறமுகத்துல வள்ளத்துக்குப் பெயிண்டு அடிக்கிறதுதான் அவரு தொழிலு. கடல் தாண்டுற எதையும் நாங்க பெயிண்டு அடிக்காம எறக்க மாட்டோம்.”

அந்தக் கரையில் அது வழக்கம். வள்ளத்தைக் கரையேற்றி ஓட்டை அடைத்தால், திரும்ப இறக்குவதற்கு முன் வர்ணம் பூசி, மாதா கோயில் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்துத்தான் இறக்குவார்கள். உரிந்த வர்ணத்தோடு கடலில் இறக்குவது வீட்டுக்கே அவமானம். அண்ணனின் மிஷின் கடைசியாக ஊருக்குப் போகிறது என்றதும் அந்தக் கொழுந்தன் அதை ஒரு வள்ளமாகவே நினைத்துவிட்டான். கீறலையெல்லாம் அடைத்து, அடிவயிறு வரை மூன்று பூச்சு.

தாமோதரன் கைக்குட்டையால் அடியில் துடைத்தார். பெயிண்ட் வாடைதான் வந்தது. நம்பரும் எனாமலில் மூடிக் கிடந்தது. சுரண்டிப் பார்த்தோம், நம்பர் தெரிந்தது. நம்பரில் வயசு எழுதியிருக்காதே.

“பழசு என்றே வைத்துக்கொள்வோம் அம்மா” என்றார் அவர். “கடைக்காரனும் பழசை வாங்கிப் பூச்சு பூசித்தான் கொண்டுவருகிறான். இது உங்கள் சொந்தம் என்பதற்கு ஒரு பில், இல்லை தெரிந்த பெரிய மனிதர் யாராவது எழுதிய ஒரு கடிதாசி இருக்கிறதா?”

“எங்க மிஷினுக்கு எதுக்குங்கய்யா கடுதாசி?”

“அப்படியானால் தீர்வை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இங்கேயே இருக்கும்.”

தீர்வை எவ்வளவு என்று நான் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பேசினாள். “எனக்கு வல பின்னத் தெரியாதுங்கய்யா. மீன் விக்கத் தெரியாது. இங்கன எனக்கு ஒரு தொழிலும் தெரியாது. தச்சுத்தான் ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சோம். இத வச்சுக்கிட்டு என்னைய மட்டும் போகச் சொன்னா நான் எங்க போவேன்?”

தாமோதரன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “டூட்டி பேயபிள்” என்றார். நான் எழுதினேன். எனாமல் வழவழப்பில் சாக்கட்டி பிடிக்கவில்லை. மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது.

அதே கப்பலில் வந்த ஒரு பெரியவரின் மிஷின், கரி பிடித்து, எண்ணெய் வடிந்து, பார்க்கவே சகிக்காது. கைக்குட்டையிலும் காறல் வாடை. டூட்டி ஃப்ரீ. அடுத்த மாதம் அதே பெரியவர் அதே மாதிரி இன்னொரு மிஷினோடு வந்து மாட்டிக்கொண்டார். பத்து வருஷத்துப் பழைய எண்ணெயைப் பட்டறைகளில் சேகரித்துப் பூசியிருக்கிறார்கள். சூப்பிரண்டின் கைக்குட்டை வித்தையை வியாபாரி கற்றுக்கொண்டுவிட்டான். அன்றைக்கு அவர் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவே இல்லை. செபமாலையின் மிஷினை விட்டுவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஆதாரம் இல்லாமல் விட முடியாது என்று பதில் வந்தது. அத்தாட்சி கேட்டு அவள் கொழும்புக்கு எழுதிப்போட்ட கடிதமும் திரும்பி வந்தது. அவள் புருஷன் வேலை பார்த்த கடையையே பூட்டிவிட்டு முதலாளி எங்கேயோ போய்விட்டாராம்.

மிஷின், பிடித்த சாமான்களைப் போட்டு வைக்கும் எங்கள் கிட்டங்கியில் கிடந்தது. தகரச் சுவர், தகரக் கூரை. முனையின் காற்று எப்படிப்பட்டது என்றால், வாங்கிய பூட்டு ஒரு மழைக்காலம் தாண்டாது. சாவி உள்ளேயே முறியும். பிடிபட்ட கடிகாரம், டார்ச் லைட்டு எல்லாம் ஏலத்துக்கு வருவதற்குள் துருக்கட்டியாகிவிடும்.

ஒரு கப்பல் நாளன்று செபமாலை ரயிலில் வந்து இறங்கினாள். கையில் தேங்காய் எண்ணெய்ச் சீசா மாதிரி ஒன்று. உள்ளே மிஷின் எண்ணெய்.

“அய்யா, மிஷினுக்கு எண்ண விட்டுட்டுப் போயிருறேன். உப்புக் காத்துல எறுகிப் போகும்.”

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று தாமோதரன் யோசித்தார். பிறகு, “காவலில் உள்ள பொருள் கெடாமல் பார்க்க வேண்டியது நம் பொறுப்புதான்” என்றார். “ஆன் டூட்டியில் இருக்கிறவன் கூடவே நிற்கட்டும்.”

ஆன் டூட்டியில் இருந்தவன் நான். அதற்குப் பிறகு பல தடவை அவள் வந்தாள். எல்லாத் தடவையும் நான்தான் நின்றேன். போர்வையை விரிப்பாள், ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விடுவாள், கைப்பிடியைச் சுற்றுவாள். வெறும் மிஷின் ஓடும் சத்தம் தகரத்தில் மோதிக் கேட்கும். தங்கச்சிமடத்தில் அண்ணன் சந்தியாகு வீட்டில் இருந்தாள். கருவாடு காயப்போடப் போகிறாளாம். விரலெல்லாம் வெடிப்பு.

தீர்வை கட்டாத சாமான்களை ஏலம் விட இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. எனக்கு ஒரு யோசனை உதித்தது. எஸ்.எஸ்.எல்.சி.க்காரனுக்கு உதிக்காத யோசனை.

“இந்தா பாரு தங்கச்சி. எண்ணெய் விடுறத இன்னையோட நிப்பாட்டு. மழ வருது. ரெண்டு மாசம் சும்மா கெடந்தா துருப் பிடிச்சு எறுகிப்போகும். ஏலத்துல ஒரு பய சீண்ட மாட்டான். பழைய இரும்பு வெலைக்கு உங்கண்ணன எடுக்கச் சொல்லு. வீட்டுல போயி மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டா ஓடிட்டுப் போகுது.”

கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நல்ல ரோசனதாண்ணே.”

“ரோசனையா? இந்த மேசையில இருக்கிற ஆபீசருக்கெல்லாம் வராதுடி இது.”

“ஆனா அவரு சாகக் கெடந்தப்பவும் மிஷினத் தொடச்சாச்சான்னுதாண்ணே கேட்டாரு. நான் எப்படி இதத் துருப்பிடிக்க விடுவேன்?”

“துருப்பிடிச்சாத்தான் ஒனக்கு. துருப்பிடிக்கலன்னா ஊராருக்கு. புரியுதா?”

“புரியுது” என்றாள். அடுத்த கப்பலுக்கு வந்தாள். சீசாவும் வந்தது.

ஏலம் கொட்டகை வாசலில் நடந்தது. பரமக்குடி, இராமநாதபுரம், கீழக்கரை என்று வியாபாரிகள் வந்திருந்தார்கள். சந்தியாகு தன் பங்கு வலையை விற்றுப் பணம் கொண்டுவந்திருந்தார். பழைய மிஷினுக்கு அது தாராளம். கடிகாரங்கள் போயின, துணி மூட்டைகள் போயின, எல்லாம் அடிமாட்டு விலை. பிறகு மிஷினைத் தூக்கி மேசை மேல் வைத்தார்கள். போர்வையை எடுத்ததும் அத்தனை துருவுக்கு நடுவே அது மின்னியது. வியாபாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பரமக்குடி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் விரலால் தட்டிப் பார்த்தார். “மேல் பூச்சு நல்லாத்தான் இருக்கு. ஓடுமா? இங்கன கெடந்தது எதுவும் ஓடாதே.”

“பொம்மையா இருந்தாலும் இருக்கும் முதலாளி” என்று இன்னொருவர் சிரித்தார்.

ஓடுகிறதா என்று காட்ட வேண்டியது ஏல முறை. தாமோதரன் கூட்டத்தைப் பார்த்து, “தைக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா?” என்றார். ஒருவர் பின்னால் கைகாட்டினார். “அந்தா நிக்கிற பொம்பள தச்சுப் பொழச்சவதான்.”

நான் சொன்ன யோசனை வீணாகப் போகவில்லை, வேறு வழியாக வந்துவிட்டது என்று தோன்றியது. நூலைக் கொஞ்சம் தளர விட்டால் போதும், அடியில் சிக்கு விழுந்து மிஷின் நின்றுவிடும். அவள் வேண்டுமென்று செய்தாள் என்று அங்கே ஒருவனுக்கும் தெரியாது. அவள் மேசைக்கு வந்தபோது நான் கண்ணைக் காட்டினேன். சந்தியாகு பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். “சிக்க வச்சிரு, தாயி. ஓடலன்னு எந்திரிச்சிரு.”

அவள் தலையசைத்தாள். உட்கார்ந்தாள். தைக்கத் துணி இல்லை. சுற்றி வந்த பூப்போட்ட போர்வையின் ஓரத்தையே மடித்து ஊசிக்கு அடியில் வைத்தாள். நூலை நாவில் நனைத்துக் கோத்தாள். கைப்பிடியைப் பிடித்தாள்.

மிஷின் ஓடியது. ஒரே சீராக, ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. கூட்டம் பேச்சை நிறுத்திக் கேட்டது. போர்வையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தைத்து, நூலைப் பல்லால் கடித்து, துணியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். ஜவுளிக்கடைக்காரர் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை.

விலை ஏறியது. சந்தியாகு இரண்டாவது தடவை விலை கேட்டதோடு நின்றுவிட்டார். மற்ற இருவர் போட்டி போட்டார்கள். பரமக்குடிக்காரர் எடுத்தார்.

“ஏன்த்தா இப்படிச் செஞ்ச?” என்றார் சந்தியாகு. கோபம்கூட இல்லை அவர் குரலில். “வலையும் போச்சு, மிஷினும் போச்சு.”

“சிக்க வைக்கத்தான் உக்காந்தேண்ணே” என்றாள் செபமாலை. “கை போகல.”

நான் எத்தனையோ பேருக்கு யோசனை சொல்லி எத்தனையோ காரியம் முடித்துக் கொடுத்தவன். அந்த வார்த்தையைக் கேட்டதும் சாக்கட்டியைத் தேடிக்கொண்டு மேசைப் பக்கம் போனேன்.

ஏலப் பணத்தில் தீர்வையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை உடைமைக்காரருக்குக் கொடுப்பது முறை. தாமோதரன் கணக்கை முடித்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே “டூட்டி பெய்டு” என்றார். நான் சாக்கட்டியை எடுத்தேன்.

“என்னண்ணே எழுதுறீங்க?” என்றாள் பக்கத்தில் நின்ற செபமாலை.

“தீர்வ கட்டியாச்சுன்னு.”

“யாரு கட்டுனா?”

கணக்கை விளக்கிச் சொன்னேன். மிச்சப் பணம் அவளுக்கு வரும் என்பதையும் சொன்னேன். தலையாட்டினாள். கேட்டதாகத் தெரியவில்லை. அவள் கண் சுமைகூலிக்காரர்கள் மேல் இருந்தது. இரண்டு பேர் மிஷினைத் தூக்க வந்திருந்தார்கள். ஒருவன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான்.

“ஏலே, கைப்பிடியப் பிடிக்காத, வளைஞ்சிரும்!” என்று ஓடினாள். “அடிப்பலகையில கையக் குடு. இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன்.”

ரயில் நிற்கிற இடம் வரைக்கும் மணல். மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜவுளிக்கடைக்காரர் பின்னால் நடந்தார். சக்கரத்தை முன்பக்கமாக மட்டும்தான் சுற்ற வேண்டும், பின்னால் சுற்றினால் நூல் அறும் என்று வழி நெடுக அவருக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.